இரண்டு பாக்டீரியாக்கள், ஒரே சிக்கனம்

ரூகேரியா பொமெராய் கடலில் வாழ்வது. மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ் மண்ணில் வாழ்வது. இரண்டுக்கும் உடல் கட்டக் கரிம உணவே வேண்டும். கரியமில வாயுவிலிருந்து உடலைக் கட்டும் திறன் இரண்டுக்கும் இல்லை. ஆயினும், கனிமப் பொருள்களிலிருந்து கூடுதல் ஆற்றல் பெறும் வழியை இரண்டுமே வைத்திருக்கின்றன.

முன்னதன் மரபணுத்தொகுதி 2004-இல் வெளியானபோது, தயோசல்பேட்டை ஆக்ஸிஜனேற்றும் மரபணுக்கள் அதில் வெளிப்பட்டன. பின்னதன் ‘ஹக்’ நொதியின் வடிவம் 2023-இல் வெளியானபோது, காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கே உள்ள ஹைட்ரஜனை அது பிடிக்கும் விதம் விளங்கியது. அந்நொதியின் குறுகிய வாயுத் தடங்கள் ஹைட்ரஜனை உள்ளே விடுகின்றன, ஆக்ஸிஜனைத் தடுக்கின்றன.

வரவைக் கணக்கிட்டால், ஒரு தயோசல்பேட் 8 எலக்ட்ரான்களைத் தருகிறது. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு 2 மட்டுமே. ஆனால் அந்த எட்டும் சுவாசச் சங்கிலியின் கடைப்பகுதியில், சைட்டோகுரோம் சி அருகே நுழைகின்றன. இந்த இரண்டோ அதற்கு முந்தைய படியான மெனாகுயினோனில் நுழைந்து, எலக்ட்ரான் ஒவ்வொன்றுக்கும் அதிக ஆற்றலை ஈட்டுகின்றன. எண்ணிக்கையில் முந்துவது ஒன்று, மதிப்பில் முந்துவது மற்றொன்று.

பயன்படுத்தும் வேளையிலும் வேறுபாடு உண்டு. ரூகேரியா, கரிம உணவோடு தயோசல்பேட்டும் கிடைக்கும்போது கூடுதலாக வளர்கிறது. ஸ்மெக்மாடிஸ், உணவு குறையத் தொடங்கும்போது ஹைட்ரஜன் நொதிகளைப் பெருக்கி, தீர்ந்த பின்னும் உயிர் தாங்குகிறது.

எதிர்பாராத உறவு கார்பன் மோனாக்சைடில் இருக்கிறது. நம் இரத்தத்துக்கு நஞ்சான அவ்வாயுவை ஆக்ஸிஜனேற்றும் நொதி இரண்டிடமும் உண்டு. இரண்டின் நொதியிலும் மாலிப்டினமும் செம்பும் சேர்ந்தே வினைபுரிகின்றன. கடலில் கரைந்துள்ள கரிமப் பொருள் வெயிலில் சிதையும்போது எழும் வாயுவை ஒன்று எடுக்கிறது. வளிமண்டலத்தில் உள்ளதை மற்றொன்று எடுக்கிறது. அதிலுள்ள கார்பனையோ இரண்டும் உடலில் சேர்ப்பதில்லை. எலக்ட்ரான்களை மட்டும் வாங்கிக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன.

கரிம உணவு மரக்கட்டை போன்றது: அடுப்புக்கும் ஆகும், உத்தரத்துக்கும் ஆகும். அடுப்புக்கு வேறு எரிபொருள் கிடைத்தால் கட்டை உத்தரத்துக்கு மிஞ்சும். ரூகேரியா அந்த மிச்சத்தைக் கொண்டு வளர்கிறது; கட்டையே இல்லாத காலத்தில் ஸ்மெக்மாடிஸ் அந்த எரிபொருளால் அடுப்பை அணையாமல் காக்கிறது. ஆகவே, ஒரு பாக்டீரியா எதைக் கொண்டு உடலைக் கட்டுகிறது என்பதை மட்டும் வைத்து அதன் வாழ்க்கையை வகைப்படுத்துவது போதாது. எதை எரிக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.