ஊமையாய் இருக்க வேண்டிய பெட்டி

வீணையின் குடம் பலா மரத்தினால் ஆவது என்பதை நம் குடியிருப்பில் பாட்டுப் பயிலும் சிறுமியரும் அறிவர். தந்தியின் மெல்லொலியை வாங்கித் தன் குரலையும் அதனோடு கூட்டித் தருவதே அம்மரத்தின் பெருமை. ஒலிபெருக்கியின் மரப்பெட்டிக்கோ இதற்கு நேர்மாறான கடமை. அது பாடவே கூடாது. மரமும் சேர்ந்து பாடுமாயின் நம் செவிக்கு வருவது பாடகரின் குரலன்று. தாயகத்தை விட்டு வந்து, இசையில் பெரும்பகுதியைப் பெட்டி வழியாகவே கேட்டு வாழும் நமக்கு இது சிறு செய்தியாகாது. ஆதலின், அப்பெட்டியை ஊமையாக்க மேலைநாட்டார் பட்ட பாட்டினை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925-ல் வெளியிட்ட ஆய்வுரையே இன்றைய கூம்பு ஒலிபெருக்கிக்கு அடிப்படை. கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்புறம் காற்றை இழுக்கின்றது. இவ்விரண்டும் சுற்றி வந்து கலக்குமாயின் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே கேட்காது. கலவாமல் தடுக்கவே பெட்டி வந்தது. 1932-ல் தூராஸ் என்பார், பெட்டியில் துளையிட்டுப் பின்னொலியையும் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1954-ல் வில்சூர் என்பார், முற்றும் மூடிய சிறு பெட்டியின் காற்றையே வில்லாகக் கொண்டு தாழ்ந்த ஒலியை எழுப்பிக் காட்டினார்.

இவ்வளவும் பெட்டிக்குள் அடைபட்ட காற்றைப் பற்றியவை. பலகையைப் பற்றிக் கவலையுற்றவர்களுள் முன்னிற்பவர் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த கில்பர்ட் பிரிக்ஸ். துணி வணிகத்தில் இருந்த இவர், 1932-ல் தம் இல்லத்து நிலவறையில் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கி, வார்ஃப்டேல் நிறுவனத்தை நிறுவினார். பலகையின் அதிர்வை அடக்க இவர் கையாண்ட பொருள் மணல்! இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையே உலர்ந்த மணலை நிரப்பினார். புகைவண்டி நிலையத்தில் காலங்கழிக்கும் நமக்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். காலியான இரும்புச் சரக்கு வண்டியைத் தட்டினால் கணகணவென்று ஒலிக்கும்; மணல் ஏற்றிய வண்டியோ ‘தொப்’ என்று அடங்கிவிடும். மணற்பருக்கைகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை வெப்பமாக்கி விடுவதே காரணம். 1954-ல் லண்டனின் ராயல் ஃபெஸ்டிவல் மண்டபத்தில், இசைவாணர்கள் நேரில் இசைப்பதையும் ஒலிபெருக்கியின் இசையையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, அவையோரே ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கட்டும் என்று விட்ட துணிவுடையவர் இவர்.

கனமான பலகையே நல்ல பெட்டி என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றி இருந்தது. இன்றும் நம்மவர் பலர் எடையைத் தூக்கிப் பார்த்தே விலை பேசுகின்றனர். பி.பி.சி. வானொலியின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய ஹார்வுட் இதனை ஏற்கவில்லை. பலகையைத் தடிப்பாக்கினால் அதிர்வு ஒழிவதில்லை. செவி கூர்மையாக உணரும் நடு ஒலிப்பகுதிக்கு ஏறி அங்கே தங்கிவிடுகின்றது. மெல்லிய பலகையின் உட்புறத்தில் தார்ப்பட்டைகளை ஒட்டினாலோ, அதிர்வு தாழ்ந்து விரைவில் மடிகின்றது. 1977-ல் வெளியான பி.பி.சி. ஆய்வறிக்கையில் இவை அளவுகளுடன் விளக்கப்பட்டுள்ளன. அவர்களுடைய இறுதி நீதிபதி கருவியன்று, மனிதக் குரலே. பேசுவோரை நேரில் கேட்டு, உடனே பெட்டி வழியாகவும் கேட்டு ஒப்பிடுவது அவர்கள் வழக்கம்.

அவ்வழியில் பிறந்ததே எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டி. வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான அறைகளுக்கென 1970-களில் அமைக்கப்பட்டது. உயரம் 30, அகலம் 19, ஆழம் 16 செ.மீ. அளவினது. கணக்கர் வழக்கப்படி நாமும் கூட்டிப் பார்த்தோம். ஆறு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 2,700 சதுர செ.மீ.; 11 செ.மீ. குறுக்களவுள்ள கூம்போ 95 சதுர செ.மீ.தான். கூம்பைப்போல் இருபத்தெட்டு மடங்கு பரப்புள்ள பலகை சிறிதளவு அதிர்ந்தாலும் கேடு எத்துணை என்பதை அன்பர்களே உணரலாம்.

இதன் சுவர் 12 மி.மீ. பிர்ச் ஒட்டுப்பலகை. முன்பலகையும் பின்பலகையும் திருகாணியால் முடுக்கப்படும் உட்சட்டங்கள், அதாவது நம் தச்சர் கூறும் ரீப்பர்கள், பீச் என்னும் கடின மரத்தால் ஆனவை. பீச்சுக்குப் பதிலாகப் பரானா பைன் என்னும் மெல்லிய மரத்தை வைத்தபோது, ஒலியில் வேற்று நிறம் கலந்தது காதுக்கே புலப்பட்டது! வெளியே தெரியாத, விரற்கடை அகலச் சட்டம்தானே என்று அதனை எவரும் விட்டுவிடவில்லை. பீச் மரமே வேண்டும் என்று வரையறுத்தனர்.

பின்னர் வந்தோர் வேறு வழிகளை நாடினர். 1983-ல் செலெஸ்டியன் நிறுவனம் வானூர்திகளுக்கான தேன்கூட்டு அலுமினியத் தகட்டால் பெட்டி செய்தது. அதே பத்தாண்டில் பி. அண்டு டபிள்யூ. நிறுவனம் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்புப் பலகைகளைக் கோத்தது. முழு அலுமினியப் பெட்டிகளும் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் விலையை இம்மலரில் எழுதினால் அச்சுப்பிழை என்றே கருதுவீர்கள். அவற்றின் திறமையை நாம் மறுக்கவில்லை. எனினும் தார்ப்பட்டை ஒட்டிய மெல்லிய பலகையின் மீதே நம் மனம் செல்கின்றது.

எல்.எஸ். 3/5ஏ பெட்டிக்கென முதலில் அமைந்த கூம்புகளைச் செய்தவர்கள் அவற்றைப் பிற்காலத்தில் நிறுத்திவிட்டனர். வேறு நிறுவனங்கள் புதிய கூம்புகளைச் செய்து பொருத்தி அப்பெட்டியை இன்றும் விற்று வருகின்றன. சுவருக்குப் பிர்ச், சட்டத்திற்குப் பீச் என்ற பழைய வரையறையைக் கைவிடாத தச்சர்கள் இன்னும் உள்ளனர்.