காலத்துக்கேற்ற நூலும் காலத்துக்கொவ்வாச் சிந்தனைகளும்

மாக்சிம் கோர்க்கியைத் தமிழுலகம் ‘தாய்’ நாவலின் ஆசிரியராகவே பெரிதும் அறியும். தொ. மு. சி. ரகுநாதன் அவர்களின் தமிழாக்கத்தில் அதனை வாசித்து உள்ளம் நெகிழ்ந்தோர் நம் நாட்டிலும் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

1902ஆம் ஆண்டு மே தினத்தன்று, ருஷ்யாவின் சோர்மொவோ என்னும் தொழிற்பட்டினத்தில் செங்கொடி ஏந்தி ஊர்வலஞ் சென்ற பியோத்தர் ஸலோமொவ் என்ற தொழிலாளி கைதாகிச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டான். அவனும் அவன் அன்னையுமே நாவலில் வரும் பாவெலுக்கும் நிலோவ்னாவுக்கும் மூலவுரு. 1905 ஜனவரியில் சார் மன்னனின் படை மக்கள்மீது சுட்டதைக் கண்டித்துச் சிறைப்பட்ட கோர்க்கி, 1906இல் புரட்சிக்குப் பொருள் திரட்ட அமெரிக்கா சென்றவிடத்து இதனை எழுதலானார். மறு ஆண்டு இலண்டனில் தம்மைச் சந்தித்த லெனின், இது மிகவும் காலத்துக்கேற்ற நூல் எனப் பாராட்டியதாக அவரே பின்னர் நினைவுகூர்ந்துள்ளார்.

நம்மிற் பலர் கதையை இவ்விடத்தே நிறுத்திவிடுகிறோம். வகுப்பறையில் நானும் நெடுங்காலம் அவ்வாறே செய்தேன்.

1917இல் புரட்சி வென்றது. அவ்வாண்டு தொடங்கிய தமது பத்திரிகையில் ‘காலத்துக்கொவ்வாச் சிந்தனைகள்’ என்ற தலைப்பிற் கோர்க்கி தொடர்ந்து எழுதினார். பத்திரிகைகள் ஒடுக்கப்படுவதையும், வீதியிற் கும்பல் வழங்கிய கொடுந் தண்டனைகளையும் கண்டித்தார். தம் நண்பர் லெனினைப் பெயர் சுட்டியே இடித்துரைத்தார். 1918 ஜூலையில் அப்பத்திரிகை மூடப்பட்டது.

‘தாய்’ நாவலை ஊன்றிப் படித்தவர்க்கு இது வியப்பன்று. நிலோவ்னா கோட்பாடு கற்று மாறியவள் அல்லள். கணவனிடம் அடியுண்டு அஞ்சிக் கிடந்தவள், பிறர் துயர் கண்டு நிமிர்ந்தாள். அவளைக் கண்டெடுத்த கண்களே பெத்ரோகிராட் வீதிகளிலும் அடியுண்டோரைக் கண்டன.

ஆயினும் அக்கண்கள் இறுதிவரை விழித்திருக்கவில்லை. 1921இல் நாடு நீங்கியவர் 1928இல் பெரும் வரவேற்புக்கிடையே திரும்பி வந்தார். 1929இல் சொலோவ்கித் தீவுச் சிறைமுகாமைப் பார்வையிட்டு, அதனைப் புகழ்ந்து எழுதினார். கைதிகளின் உழைப்பால் வெட்டப்பட்ட வெண்கடற் கால்வாயைப் போற்றி 1934இல் வெளிவந்த நூலின் பதிப்பாசிரியருள் ஒருவராகவும் விளங்கினார். இதனைக் காட்டி ‘தாய்’ நாவலையே ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. இதனை மறைத்து அவரைப் போற்றுவோருடனும் இல்லை.

1936இல் கோர்க்கி மறைந்தார். பின்னர் அவருடைய படைப்புகள் 30 தொகுதிகளாக அச்சேறின. ‘தாய்’ அவற்றுள் இடம்பெற்றது. ‘காலத்துக்கொவ்வாச் சிந்தனைகள்’ சோவியத் நாட்டில் மீண்டும் அச்சேற 1980களின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.