உன் தெருவில் நோய் வந்தால் ஊருக்குச் சொல்வது யார்? – லெஸ்டர் நகரத்தின் இரண்டு கதைகள்

கொரோனா காலத்தில் நம் எல்லோருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் எழுந்ததும் "நேற்று எத்தனை பேருக்கு?" என்று பார்ப்பது. நாட்டுக் கணக்கைப் பார்த்ததும் மனசு மாவட்டக் கணக்கைத் தேடும். அதுவும் கிடைத்துவிட்டால், "சரி, நம்ம தெருவில் யாருக்காவது இருக்கா?" என்று அடுத்த கேள்விக்குத் தாவும். உண்மையில் நமக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் மட்டும்தான்.

அந்தப் பதிலைப் பிரதமர் சொல்ல முடியாது. உள்ளூர் நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். அந்த உள்ளூர் நிர்வாகத்துக்கே பதில் தெரியாமல் போனால்?

2020 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் அதுதான் நடந்தது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அதே ஊர் நகராட்சிக்கு 1879-லேயே அந்தப் பதில் தெரிந்திருந்தது! 141 வருட இடைவெளியில் நடந்த இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

(ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்துப்படி படித்தால் 'லெய்செஸ்டர்' என்று வாய் சுளுக்கும். அந்த ஊர்க்காரர்கள் 'லெஸ்டர்' என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.)

முதல் கதை: 1879

சோர் என்ற ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் லெஸ்டர். 1801-ல் அங்கே சுமார் 17,000 பேர்தான் இருந்தார்கள். 1901-ல் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். காரணம் தொழிற்சாலைகள். காலுறை பின்னுவதும் செருப்பு, பூட்ஸ் தைப்பதும்தான் ஊரின் பிழைப்பு. ஊர் வளர்ந்த வேகத்தில் சாக்கடையும் குடிநீரும் வளரவில்லை. கோடை வந்தால் வயிற்றுப்போக்கில் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

இதோடு பெரியம்மையும் சேர்ந்தது. குழந்தைகளுக்குக் கட்டாயம் அம்மை குத்த வேண்டும் என்று 1853-லேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வந்துவிட்டது. குத்தாவிட்டால் அபராதம், கட்டாவிட்டால் வீட்டுச் சாமான் ஜப்தி, சிலருக்குச் சிறை. ஆனால் 1871-72-ல் வந்த பெரும் கொள்ளைநோய் லெஸ்டரில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அம்மை குத்திக்கொண்டவர்களிலும் சிலர் இறந்தார்கள். "அப்புறம் எதற்கு இந்தக் கட்டாயம்?" என்று தொழிலாளர் குடும்பங்கள் கொதித்துப் போயின. வழக்குகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. 1885 மார்ச் 23 அன்று லெஸ்டரில் நடந்த கண்டன ஊர்வலத்தில் பல்லாயிரம் பேர் கலந்துகொண்டார்கள்.

ஊரே அம்மை குத்திக்கொள்ள மறுக்கிறது. நகராட்சி என்ன செய்யும்?

அந்த ஊரின் சுகாதார அதிகாரிகள் வேறு வழி தேடினார்கள். 1879-ல் தங்கள் ஊருக்கென்றே பாராளுமன்றத்தில் ஒரு தனிச் சட்டம் வாங்கினார்கள். அதன்படி பெரியம்மை போன்ற தொற்றுநோய் ஒரு வீட்டில் வந்தால், அதை நகராட்சி சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை. இப்படிக் கட்டாயமாக்கிய முதல் சில ஊர்களில் லெஸ்டரும் ஒன்று.

தகவல் வந்ததும் வேலை மளமளவென்று நடக்கும். நோயாளி ஊருக்கு வெளியே இருந்த தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போவார். வீட்டில் இருந்த மற்றவர்களும் தனிமையில் வைக்கப்படுவார்கள். வீடும் துணிமணியும் சுத்தம் செய்யப்படும். இதற்கு 'லெஸ்டர் முறை' என்றே பெயர் வந்துவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தனிமையில் வைக்கப்பட்டவர்களுக்கு, இழந்த கூலிக்காக நகராட்சி பணம் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். தினக்கூலிக்காரன் ஏன் நோயை மறைக்கிறான்? அறியாமையாலா? இல்லை, அடுப்பு எரிய வேண்டுமே என்றுதான். பணம் கொடுத்தால் உண்மை வெளியே வரும். அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு இது புரிந்திருந்தது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "பார்த்தீர்களா, தடுப்பூசி இல்லாமலே சமாளித்தார்கள்" என்று இதைத் தூக்கிக்கொண்டு யாராவது கிளம்பினால், கதையைப் பாதிதான் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லெஸ்டரின் அம்மை மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அம்மை குத்திக்கொண்டவர்கள். சுற்றியிருந்த ஊர்களிலும் பெரும்பாலோர் குத்திக்கொண்டிருந்தார்கள். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே, அது ஊசியும் தேடிப்பிடிக்கும் வேலையும் கைகோத்ததால் வந்த வெற்றி. லெஸ்டர் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டாவது பாதியை: எந்த வீட்டில் நோய் என்பது, அந்த ஊரை நிர்வகிப்பவருக்கு உடனே தெரிய வேண்டும்.

நடுவில் என்ன ஆச்சு?

ஒரு ஊர் செய்ததை நாடே எடுத்துக்கொண்டது. 1889-ல் நோய் அறிவிப்புச் சட்டம் வந்தது. லண்டனில் கட்டாயம், மற்ற ஊர்கள் விரும்பினால் ஏற்கலாம். 1899-ல் எல்லா ஊருக்கும் கட்டாயமானது. ஒவ்வொரு ஊர் நகராட்சியிலும் ஒரு சுகாதார அதிகாரி. டாக்டரின் சீட்டு அவர் மேசைக்குத்தான் வரும்.

1974 ஏப்ரல் 1 அன்று அந்தப் பதவியே எடுக்கப்பட்டது. பொதுச் சுகாதாரம் நகராட்சிகளிடமிருந்து தேசிய சுகாதாரச் சேவைக்குப் போனது. 39 வருடம் கழித்து, 2013-ல் அது மறுபடி நகராட்சிக்குத் திரும்பியது. ஆனால் கொள்ளைநோய்களைக் கவனிக்கும் பெரிய பொறுப்பு 'பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து' என்ற மத்திய அமைப்பின் கையில் இருந்தது. அதிகாரி ஊரில் இருக்கிறார், சீட்டு வேறு எங்கோ போகிறது. இந்த நிலையில்தான் கொரோனா வந்தது.

இரண்டாம் கதை: 2020

பிரிட்டனில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது 2020 மார்ச் 23 இரவு. (லெஸ்டர் ஊர்வலம் நடந்ததும் ஒரு மார்ச் 23 தான். சரியாக 135 வருடம்!) அந்த நாளிலிருந்து நாடு முழுக்க நகராட்சிகள் மக்களுக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்தன. குப்பை வண்டி எப்போது வரும், பூங்கா திறந்திருக்குமா, இறுதிச் சடங்குக்கு எத்தனை பேர் போகலாம், வெளியே வர முடியாத முதியவருக்கு உணவுப் பொட்டலம் யார் கொண்டு வருவார்கள்... படிக்க சாதாரணமாக இருக்கும். தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அதுதான் உலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு.

ஆனால் முக்கியமான தகவல் ஒன்றை மட்டும் நகராட்சியால் சொல்ல முடியவில்லை. நோய் எங்கே இருக்கிறது?

பிரிட்டனில் பரிசோதனைகளை 'தூண்கள்' என்று பிரித்திருந்தார்கள். முதல் தூண், மருத்துவமனைகளிலும் அரசுக் கூடங்களிலும் நடந்த சோதனை. இரண்டாம் தூண், பொதுமக்களுக்காகத் தனியார் நிறுவனங்களின் துணையோடு அமைத்த புதிய பெரிய கூடங்களில் நடந்தது. காரில் போய் மாதிரி கொடுப்பது, வீட்டுக்குப் பெட்டி வரவழைத்துச் சோதிப்பது எல்லாம் இதில் சேரும். முதல் தூணின் முடிவு உள்ளூருக்குத் தெரிந்தது. இரண்டாம் தூணின் முடிவு மத்திய அரசின் கணினிக்குப் போனது. நகராட்சிக்குத் தெரு வாரியாக வரவில்லை. ஊர் வாரியாகப் பொதுவில் வெளியிட்ட எண்ணிக்கையிலும் அது சேர்க்கப்படவில்லை.

விளைவைப் பாருங்கள். ஜூன் 13 முதல் 26 வரை லெஸ்டரில் முதல் தூணில் தெரிந்தது வெறும் 80 பேர். இரண்டையும் சேர்த்தால் 944 பேர்! 80 என்று பார்த்த ஊர்க்காரர் என்ன நினைப்பார்? "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று கடைத்தெருவுக்குக் கிளம்பியிருப்பார். அவர் மேல் என்ன தப்பு?

ஜூன் 18 அன்று சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் லெஸ்டரில் நோய் பரவுவதாகப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். எந்தப் பேட்டையில், எந்தத் தெருவில் என்ற விவரத்தை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததாக மேயர் பீட்டர் சோல்ஸ்பி சொன்னார். விவரம் கைக்கு வந்தது ஜூன் கடைசி வாரத்தில்தான். ஜூன் 29 இரவு, லெஸ்டருக்கு மட்டும் தனி ஊரடங்கு என்று அமைச்சர் பாராளுமன்றத்தில் அறிவித்தார். அந்த ஒரு வாரத்தில் நாட்டின் மொத்த நோயாளிகளில் 10 சதவீதம் லெஸ்டரில், லட்சம் பேருக்கு 135 பேர் என்பது அவர் சொன்ன கணக்கு. இங்கிலாந்தில் ஒரு நகரத்தை மட்டும் இப்படிப் பூட்டியது அதுதான் முதல் முறை. ஜூலை 4 அன்று மற்ற ஊர்களில் மதுக்கடைகளும் உணவகங்களும் சலூன்களும் திறந்தபோது லெஸ்டர் மட்டும் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எல்லைக்கோடு இன்னொரு கூத்து. நகரத்தோடு ஓட்பி, விக்ஸ்டன் போன்ற பக்கத்துப் பகுதிகளும் சேர்க்கப்பட்டன. கோட்டுக்கு இந்தப் பக்கம் கடை மூட வேண்டும், அந்தப் பக்கம் திறக்கலாம். "நான் உள்ளேயா, வெளியேயா?" என்பதுதான் அந்த வாரம் மக்கள் கேட்ட முதல் கேள்வி. வரைபடத்தைப் பார்த்துத் தன் தெருவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

யாருடைய மொழியில்?

லெஸ்டரில் இன்னொரு விஷயமும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே கால்வாசிப் பேருக்கும் மேல் ஆங்கிலம் முதல் மொழி இல்லை. பத்தில் ஒருவருக்கு மேல் குஜராத்தி பேசுகிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972-ல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது, லெஸ்டர் நகராட்சி உகாண்டாப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தது. என்ன விளம்பரம்? "எங்கள் ஊருக்கு வராதீர்கள்" என்று! அதையும் மீறி ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மூடிக்கிடந்த கடைகளைத் திறந்தார்கள். இன்று பெல்கிரேவ் சாலைத் தீபாவளி அந்த ஊரின் பெருமை.

ஒரு காலத்தில் "வராதே" என்று சொன்ன அதே நகராட்சி, 2020-ல் அந்தக் குடும்பங்களின் கதவைத் தட்டி "நாங்கள் சொல்வதை நம்புங்கள்" என்று கேட்க வேண்டியிருந்தது. ஜூலையில் ஊழியர்களும் தன்னார்வலர்களும் சோதனைப் பெட்டிகளோடு வீடு வீடாகப் போனார்கள். தெரு விவரம் கையில் இருந்ததால்தான் அது முடிந்தது. ஜூலை 24 அன்று கடைகள் திறந்தன, ஆகஸ்ட் 3 அன்று உணவகங்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகத் தடை, வேறு வேறு பெயர்களில் 2021 வரை நீண்டது.

கூலி விஷயம்? நோய்க்கால விடுப்புக்குச் சட்டப்படி கிடைத்தது வாரம் 95.85 பவுண்டு. வீட்டில் தனிமைப்பட வேண்டிய, குறைந்த வருமானக்காரர்களுக்கு 500 பவுண்டு கொடுக்கும் திட்டம் வந்தது செப்டம்பர் 28-ல். அதாவது லெஸ்டரைப் பூட்டி மூன்று மாதம் கழித்து. 19-ஆம் நூற்றாண்டு நகராட்சி முதலிலேயே செய்ததை 21-ஆம் நூற்றாண்டு அரசு கடைசியில் செய்தது.

எனக்குத் தோன்றுவது

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1879-ல் ஒரு ஏழையின் வீட்டுக்குள் அதிகாரி நுழைந்தால் அவன் வேண்டாம் என்று சொல்ல முடியாது. யாருக்கு நோய் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அவமானம் வேறு. 2020-ல் தனிநபர் விவரத்தைப் பாதுகாப்பது என்ற நியாயமான கவலை இருந்தது. சில வாரங்களில் நாட்டளவில் லட்சக்கணக்கான சோதனைகளுக்கு ஏற்பாடு செய்ததும் சின்ன வேலை இல்லை. அந்த அவசரத்தில் "முடிவு யாருக்குப் போக வேண்டும்?" என்ற கேள்வியை மறந்துவிட்டார்கள்.

அந்த மறதிதான் இந்தக் கதையின் பாடம். நகராட்சி அறிவிப்பு என்றாலே நாம் மேலிருந்து கீழே வருவதை மட்டும் நினைக்கிறோம். நோட்டீஸ், ஒலிபெருக்கி, குறுஞ்செய்தி. ஆனால் அறிவிப்பு எழுதுவது கடைசி வேலை. முதல் வேலை, தெருவில் நடப்பது நகராட்சியின் காதுக்கு வருவது. காது அடைத்திருந்தால், வாய் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் "கையைக் கழுவுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் வராது.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இப்போதே நாம் கேட்டு வைத்துக்கொள்ளக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. நம் தெருவில் ஒருவருக்கு நோய் என்றால், அந்தச் செய்தி முதலில் யார் மேசைக்குப் போகும்? அந்த மேசை நம் ஊரில் இருக்கிறதா?

உங்கள் ஊரில் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.