பினாங்கில் குழந்தை மதிப்பீடு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பினாங்கில் சிறப்புக் கல்வியின் வரலாறு கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்குகிறது. 1926இல் மலாக்காவில் தோன்றிய செயின்ட் நிக்கலஸ் பார்வையற்றோர் இல்லம் 1931இல் இத்தீவுக்கு இடம்பெயர்ந்தது. 1954இல் தஞ்சோங் பூங்காவில் செவித்திறன் குறைந்தோருக்கான கூட்டரசுப் பள்ளி அமைந்தது. பேச்சுத் தாமதித்த குழந்தைக்கும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கும் அத்தகைய இடம் அன்று இல்லை. லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்ததே 1943இல்தான். தமிழில் ‘மந்தபுத்தி’ என்னும் ஒரே சொல் பலவற்றையும் மூடி மறைத்தது.

1997ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டன. ஆயினும், பிறர் துணையின்றித் தன்னைக் கவனித்துக்கொள்ளும் மாணவரையே அவை கல்வி பெறத்தக்கவராகக் கருதின. அதனை மருத்துவர், கல்வி அமைச்சு அலுவலர், சமூக நல அலுவலர் ஆகியோர் அடங்கிய குழு உறுதிசெய்ய வேண்டியிருந்தது. குழந்தையின் தேவையை அறிய வேண்டிய மதிப்பீடு, இவ்வாறு பள்ளி வாயிற்காவலாக மாறிற்று என்பது எம் கருத்து. பெற்றோரின் தயக்கத்தை அறியாமை என்று ஆசிரியர் கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அஞ்சியது அக்காவலை அன்றோ?

அவ்விதிமுறைகளுக்கு மாற்றாக 2013இல் புதியவை வந்தன. மொழிச் சிக்கல் வேறு. வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தையிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ படத்தின் பெயரைக் கேட்டால், விடை வராமைக்கு மொழி காரணமா வளர்ச்சி காரணமா எனப் பிரித்தறிதல் அரிது. தமிழில் அக்குழந்தை எதைக் கேட்டது, எதற்குச் சிரித்தது, எங்கே தடுமாறியது என வகுப்பாசிரியர் எழுதித் தரும் ஒரு பக்கக் குறிப்பு அங்கே பெரிதும் உதவும்.