இரும்பின் தரமும் கையின் பழக்கமும்: எஸ்160 சரக்கு எஞ்சின் குறித்த மறுபார்வை

முன்னுரை

போர்க்காலத்தில் செய்த எஞ்சின் போர் முடிந்ததும் காயலான் கடைக்குப் போகும் என்ற எண்ணம் ரயில்வே வரலாற்றில் வேரூன்றியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவப் போக்குவரத்துப் படைக்காகக் கட்டப்பட்ட எஸ்160 இந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. ஆல்கோ, பால்ட்வின், லிமா என்ற மூன்று ஆலைகள் ஒரே வரைபடத்தின்படி 2,120 எஞ்சின்களைக் கட்டின; பல நாடுகளில் அவை போருக்குப் பின்னும் பல்லாண்டுகள் உழைத்தன. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்ற தெளிவே அந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பதும், அந்தத் தெளிவு எட்டாமல் போன ஒரே இடத்தில் உயிர் பலியானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சிக்கனம் கண்ட இடங்கள்

ராணுவப் பொறியியல் படையின் மேஜர் மார்ஷ் வகுத்த வடிவம் இது. முன்னே ஒரு சிறு அச்சு, பின்னே நான்கு இயக்க அச்சுகள். வெளிப்புறம் இரண்டே சிலிண்டர்கள். 1917இல் பால்ட்வின் ஆலை பிரான்ஸ் போர்முனைக்காகக் கட்டிய ‘பெர்ஷிங்’ எஞ்சினின் சக்கர அமைப்பும் இதுவே. வார்ப்புக்கு நாளாகும் என்பதால் கூடிய இடத்திலெல்லாம் உருட்டுத் தகடுகள் வந்தன. அச்சுப் பெட்டிகளுக்கு கிரீஸ் போதுமென்றாயிற்று. குறைந்தது வேலைப்பாடு மட்டுமே, வலிமை குறையவில்லை. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு. சக்கர விட்டம் 57 அங்குலம். இழுவிசை சுமார் 31,490 பவுண்டு.

உயரமும் அகலமும் குறித்த முடிவு இவற்றைவிட முக்கியமானது. பிரிட்டனின் பாலங்களும் சுரங்கங்களும் அமெரிக்காவில் உள்ளவற்றைவிடக் குறுகியவை. அவற்றில் நுழையும்படி எஞ்சினைக் குறுக்கியதால் ஐரோப்பியக் கண்டத்தில் அது இடிக்காமல் ஓடக்கூடியதாயிற்று. மிகக் குறுகிய வாசலுக்கு அளவெடுத்தவனுக்கு மற்ற வாசல்கள் தாமே திறந்தன.

ஹனிபோர்ன் தரும் பாடம்

நார்மண்டிப் படையிறக்கத்துக்கு முன் சுமார் 800 எஞ்சின்கள் பிரிட்டனுக்கு வந்தன. ஏறத்தாழ 400 அந்நாட்டு ரயில்வே கம்பெனிகளிடம் ஓடின; மீதி, படையிறக்கத்துக்காகக் காத்து நின்றன. 1943 நவம்பரில் ஹனிபோர்ன் அருகே 2403ஆம் எண் எஞ்சினின் நெருப்பறைக் கூரை தகர்ந்து ஒருவர் இறந்தார். பத்தே மாதங்களில் இத்தகைய விபத்துகள் மூன்று.

நெருப்பறைக் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அது வற்றினால் தகடு பழுக்கக் காய்ந்து, நீராவி அழுத்தத்தில் உள்வாங்கிவிடும். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கண்ணாடிக் குழாய் காட்டும். குழாயின் மேல்முனையில் உள்ள நீராவி வால்வு மூடியிருந்தால், கொதிகலனில் இருப்பதைவிட உயரமாகக் குழாயில் தண்ணீர் ஏறி நிற்கும். எஸ்160இன் திருகு வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. வேறு அமைப்புக்குப் பழகிய பிரிட்டிஷ் ஊழியர்கள் கண்ணாடியை நம்பினார்கள். கண்ணாடி பொய் சொன்னது.

இதை ஊழியரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமல்ல. கொதிகலனே பலவீனமானது என்பதும் பொருந்தாது. 2,120 எஞ்சின்களின் பாகங்களை ஒன்றுபோலச் செய்ய முடிந்தது. அவற்றைத் தொடும் கைகளின் பழக்கத்தை அப்படிச் செய்ய முடியவில்லை. ஆகவே, பழகாத கைக்கும் தன் நிலையைக் காட்டும் வால்வைத் தருவது வடிவமைப்பவரின் கடமை. ஓர் எஞ்சினை அயல்நாட்டுக்கு அனுப்புபவர் அதை ஓட்டும் முறையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

போருக்குப் பின்

கொதிகலனின் வலிமைக்குப் பின்வந்த ஆண்டுகளே சாட்சி. ஹங்கேரி 510 எஞ்சின்களை வாங்கி 411 என்று வகைப்படுத்தியது. மக்கள் ‘ட்ரூமன்’ என்று அழைத்தார்கள். போலந்தில் டிஆர்203 என்ற பெயரில் 500 ஓடின. இத்தாலியில் 736, சீனாவில் கேடி6 என்று பெயர்கள் மாறின. இந்திய அகலப்பாதைக்கென 60 வந்து ஏ.டபிள்யு.சி. எனப்பட்டன. கட்டுமானமே அரைகுறை என்றால் இத்தனை பணிமனைகள் இதைப் பேணி வைத்திருக்க மாட்டா.

முடிவுரை

எஸ்160இன் வெற்றியை எண்ணிக்கையாலும் கட்டிய வேகத்தாலும் மட்டும் அளக்கும் வழக்கம் போதாது. இரும்பில் எட்டிய ஒருமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அதை ஓட்டியவருக்குச் சேராமல் போன அறிவு. ஹனிபோர்னில் இறந்தவரின் கதையை விபத்துப் பட்டியலோடு நிறுத்தாமல், வடிவமைப்பு வரலாற்றின் நடுவே வைத்துப் படிக்க வேண்டும்.