நசுங்கிய கலங்கள் தந்த எண்கள்: வெள்ளியில் சோவியத் இறங்குகலங்கள், 1961–1985

வெள்ளிக் கோளின் தரையைப் பற்றி இன்றைய பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் பூமியின் தரைமட்டத்தில் உள்ளதைப்போல் 90 மடங்கு. காற்றில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. இந்த மூன்று செய்திகளும் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற 1956 முதல் 1972 வரை பதினாறு ஆண்டுகள் ஆயின. அவற்றை நேரடியாக அளந்து தந்தவை சோவியத் ஒன்றியத்தின் வெனேரா கலங்கள்.

விண்வெளி வரலாற்றை எழுதுவோர் பலரும் இந்தக் கலங்களுக்கு வெற்றி, தோல்வி என்று பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியல் வெனேரா வரிசைக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கலம் எந்த உயரத்தில், எந்த அழுத்தத்தில் செயலிழந்தது என்ற செய்திதான் அடுத்த கலத்தின் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், பாராசூட் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. அப்படிப் பார்த்தால், தரையைத் தொடாத கலங்களுக்கும் தரையைத் தொட்ட கலத்தில் பங்கு உண்டு.

கடலா, பாலையா?

மேகம் மூடிய கோள் என்பதால் தொலைநோக்கிக்கு வெள்ளியின் தரை ஒருபோதும் தெரிந்ததில்லை. ஆகவே 1950-களின் நடுப்பகுதி வரை ஆளுக்கொரு வெள்ளி இருந்தது. சிலர் அங்கே சதுப்பு நிலக் காடுகளைக் கண்டனர். சிலர் தூசி பறக்கும் பாலையைக் கண்டனர். விப்பிள், மென்செல் என்ற அமெரிக்க வானியலாளர்கள் 1955-இல் கோள் முழுவதையும் மூடிய கடல் ஒன்றை முன்மொழிந்தனர்.

1956-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ரேடியோ தொலைநோக்கி 3 செ.மீ. அலைநீளத்தில் வெள்ளியை நோக்கியபோது, கோள் சுமார் 600 கெல்வின் வெப்பநிலையில் இருப்பதுபோல் கதிர்வீசியது. இந்த வெப்பம் தரையிலிருந்து வருகிறதா, மேலே உள்ள அயனி மண்டலத்தின் விளைவா என்பதில் கருத்து பிரிந்தது. 1960-இல் கார்ல் சேகன் பசுமைக்குடில் விளைவைக் காரணம் காட்டித் தரைதான் கொதிக்கிறது என்றார். 1962 டிசம்பர் 14-இல் வெள்ளியைக் கடந்துசென்ற அமெரிக்கக் கலம் மரினர் 2 இந்த வழக்கில் ஒரு சாட்சியத்தைக் கொண்டுவந்தது. வெப்பம் அயனி மண்டலத்திலிருந்து வருவதானால் கோளின் விளிம்பு நடுப்பகுதியைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டும். மரினர் கண்டதோ மங்கிய விளிம்பு.

இவ்வளவுக்குப் பிறகும் கடல் என்ற கருத்து முற்றிலும் மடியவில்லை. 1967-இல் ஏவப்பட்ட வெனேரா 4-இன் இறங்குகலத்தில் சர்க்கரையால் ஆன பூட்டு ஒன்று இருந்தது. கலம் நீரில் விழுந்தால் சர்க்கரை கரையும், பூட்டு விடுபடும், ஆண்டெனா விரியும். ஓர் அறிவியல் கருத்து எப்போது உயிரோடு இருந்தது என்பதற்கு நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாகக் காட்டுவது வழக்கம். இங்கே ஒரு கட்டி சர்க்கரையே அந்தச் சான்று. கடலை எதிர்பார்க்காதவர்கள் எடை குறைக்கப் படாத பாடு படும் ஒரு கலத்தில் அதைப் பொருத்தியிருக்க மாட்டார்கள்.

வெனேரா 4

முதல் முயற்சிகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1961 பிப்ரவரி 12-இல் புறப்பட்ட வெனேரா 1 வழியிலேயே தொடர்பிழந்தது. 1966 மார்ச் 1-இல் வெனேரா 3 வெள்ளியில் மோதி, வேறொரு கோளை எட்டிய முதல் மனிதப் படைப்பு ஆனது. ஆனால் அதற்கு முன்பே அதன் ரேடியோ ஊமையாகிவிட்டதால் ஒரு தரவும் வரவில்லை. இந்தக் காலம்வரை பணி செர்கேய் கொரோலியோவின் நிறுவனத்திடம் இருந்தது. மனித விண்பயணம், நிலவுத் திட்டம் எனப் பணிச்சுமை மிகுந்ததால், 1965-இல் கோள் பயணங்கள் மாஸ்கோவை அடுத்த கிம்கியில் உள்ள லாவோச்கின் நிறுவனத்துக்குக் கைமாறின. அதன் தலைமை வடிவமைப்பாளர் கியோர்கி பாபாகின். முந்தைய கலங்களின் கோளாறுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வெள்ளியின் காற்றில் நுழையும்போது ஏற்படும் கடுமையான வேகத் தடையையும் அழுத்தத்தையும் தரையிலேயே உருவாக்கிச் சோதிக்கும் வழக்கத்தை அவர் வலுப்படுத்தினார். வெனேரா வரிசையின் உண்மையான தொடக்கம் இந்தக் கைமாற்றம்தான் என்பது என் துணிபு.

1967 அக்டோபர் 18-இல் வெனேரா 4-இன் இறங்குகலம் வெள்ளியின் காற்றில் நுழைந்தது. பாராசூட்டில் 93 நிமிடங்கள் இறங்கியது. காற்றில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு என்பதை முதன்முறையாக நேரில் அளந்து சொன்னது. கடைசியாக அது அனுப்பிய வெப்பநிலை 262 டிகிரி. அழுத்தமானியின் அளவுகோல் ஏழு மடங்கை ஒட்டியே முடிந்துவிட்டதால், இறுதி அழுத்தம் சுமார் 22 மடங்கு என்று கணக்கிட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. பிறகு கலம் பேசவில்லை.

கலம் தரையைத் தொட்டதால்தான் பேச்சு நின்றது என்று சோவியத் தரப்பு அறிவித்தது. அதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. கலத்தின் ரேடியோ உயரமானி 26 கி.மீ. உயரத்தில் ஒரு சைகை தரும்படி அமைக்கப்பட்டது, சைகையும் வந்தது. அங்கிருந்து இறங்கிய தொலைவைக் கூட்டிப் பார்த்தால் தரை வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உயரமானி எதிரொலியின் அலைச் சுற்றுகளை வைத்து உயரத்தைச் சொல்லும் வகை. ஒரு சுற்று தவறினாலும் விடை முப்பது கி.மீ. அளவுக்கு மாறிவிடும். நடந்தது அதுதான்.

அடுத்த நாளே, அக்டோபர் 19-இல், மரினர் 5 வெள்ளியிலிருந்து நான்காயிரம் கி.மீ. தொலைவில் கடந்தது. அதன் ரேடியோ அலை வெள்ளியின் காற்றை ஊடுருவி வளைந்த விதத்தைக் கொண்டு, கோளின் மையத்திலிருந்து எந்தத் தொலைவில் என்ன அழுத்தம் என்று கணக்கிட முடிந்தது. பூமியிலிருந்து ரேடார் மூலம் அளந்த கோளின் ஆரம் சுமார் 6,050 கி.மீ. மூன்று அளவீடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, வெனேரா 4 பேச்சை நிறுத்திய இடம் தரைக்கு ஏறத்தாழ 25 கி.மீ. மேலே விழுந்தது. தரை அழுத்தம் 75 முதல் 100 மடங்கு வரை இருக்க வேண்டும் என்ற முடிவு அங்கிருந்து பிறந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு நாட்டின் எண் இன்னொரு நாட்டின் எண்ணைத் திருத்தியது. 1968-இல் இரு தரப்பு ஆய்வாளர்களும் நேரில் விவாதித்த பின் சோவியத் அறிஞர்களும் இதை ஏற்றுக்கொண்டனர். வெள்ளி ஆய்வின் வரலாற்றில் இதைவிட மதிக்கத்தக்க நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

நசுங்கும் என்று தெரிந்தே

வெனேரா 5, 6 இரண்டும் 1969 ஜனவரியில் ஏவப்பட்டன. வெள்ளிக்குக் கலம் அனுப்ப ஏற்ற காலம் 19 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். விவாதம் தீர்வதற்குள் கலங்களின் கட்டுமானம் முன்னேறிவிட்டது. ஆகவே 25 மடங்கு அழுத்தம் தாங்கும்படி ஓட்டைச் சற்று வலுப்படுத்தி, வேகமாக இறங்கும்படி பாராசூட்டைச் சுருக்கி அனுப்பினார்கள். தரையை எட்டாது என்று தெரிந்தே அனுப்பிய கலங்கள் அவை. மே 16, 17 தேதிகளில் இரண்டும் ஐம்பது நிமிடங்களுக்குச் சற்று மேலாகத் தரவு அனுப்பிவிட்டு, இருபது கி.மீ. உயரத்துக்குச் சற்றுக் கீழே 27 மடங்கு அழுத்தத்தில் நொறுங்கின. பட்டியல் போடுவோர் இவற்றை அரை வெற்றி என்கிறார்கள். கணித்த அழுத்தத்தில் கணித்தபடி நொறுங்கிய கலம், அந்தக் கணிப்பைச் சரிபார்த்துக் கொடுத்த கலம். இனி ஓட்டை எத்தனை மடங்குக்குக் கட்டுவது என்ற கேள்விக்கு ஊகத்தை நம்ப வேண்டியதில்லை என்ற நிலை அவற்றால் வந்தது.

வெனேரா 7-இன் ஓடு டைட்டானியத்தால் ஆனது. 180 மடங்கு அழுத்தத்தையும் 540 டிகிரி வெப்பத்தையும் தாங்க வேண்டும் என்பது இலக்கு. அவ்வளவு கனமான ஓட்டுக்குப் பின் கருவிகளுக்கு இடம் எங்கே? பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, வெப்பநிலையும் அழுத்தமும் அளந்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். 1970 டிசம்பர் 15-இல் இறங்கியபோது பாராசூட் கிழிந்தது, பின் முற்றிலும் கைவிட்டது. வினாடிக்கு சுமார் 17 மீட்டர் வேகத்தில் கலம் தரையில் மோதியது. சைகை அறுந்தது. இதுவும் போயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு பதிவு நாடாக்களை மீண்டும் அலசினார்கள். இரைச்சலுக்குள் புதைந்து, முந்தைய வலிமையில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருந்த சைகை ஒன்று மோதலுக்குப் பின் 23 நிமிடங்கள் தொடர்ந்திருந்தது. கலம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்ததால் ஆண்டெனா பூமியை நோக்கவில்லை. கருவிகளை மாற்றி மாற்றி இணைக்கும் சாதனம் வெப்பமானியிலேயே சிக்கிக்கொண்டதால் வெப்பநிலை மட்டுமே வந்தது: 475 டிகிரி, கூட்டியோ குறைத்தோ 20 டிகிரி. அழுத்தத்தை அதிலிருந்து கணக்கிட்டுச் சுமார் 90 மடங்கு என்றார்கள். வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதருக்கு வந்த முதல் செய்தி, நாடாவைத் தூக்கி எறியாத பொறுமையால் கிடைத்தது.

பாபாகின் 1971 ஆகஸ்டில் காலமானார். அடுத்த கலத்தை அவர் பார்க்கவில்லை. 1972 ஜூலை 22-இல் இறங்கிய வெனேரா 8, தரை அழுத்தம் 90 மடங்கு என்று நேரில் அளந்தது. ஓட்டின் வலிமை 180-இலிருந்து 105 மடங்காகக் குறைக்கப்பட்டு, மிஞ்சிய எடை கருவிகளுக்குப் போனதால் இம்முறை ஒளிமானியும் உடன் சென்றிருந்தது. அடர்ந்த மேகத்துக்குக் கீழே படம் எடுக்கப் போதிய வெளிச்சம் உண்டு என்று அது சொன்னது.

சான்றுகளைக் கையாளும் முறை பற்றி இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பூமியின் சுற்றுப்பாதையை விட்டு வெளியேறத் தவறிய கலங்களுக்கு சோவியத் ஒன்றியம் வெனேரா என்ற பெயரைத் தரவில்லை; கோஸ்மோஸ் என்ற பொதுப்பெயரில் அவை பதிவாயின. வெனேரா 8-உடன் பிறந்த கலம் கோஸ்மோஸ் 482 ஆனது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள் பூமியைச் சுற்றிவிட்டு 2025 மே 10-இல்தான் அது காற்றுமண்டலத்தில் நுழைந்தது. பெயர்களை மட்டும் எண்ணும் ஆய்வு இத்தகைய கலங்களைத் தவறவிடும்.

காற்றே பாராசூட்

1975-இல் வடிவமைப்பு தலைகீழாக மாறியது. புரோட்டான் ராக்கெட்டின் வலிமையால் ஐந்து டன் கலங்களை அனுப்ப முடிந்தது. வெனேரா 9, 10 இறங்குகலங்கள் 50 கி.மீ. உயரத்திலேயே பாராசூட்டைக் கழற்றிவிட்டன. மீதித் தொலைவுக்கு, கலத்தின் மேல் குடைபோல் பொருத்திய வட்டத் தகடு போதும். முந்தைய கலங்களை நசுக்கிய அதே அடர்ந்த காற்று இவற்றைத் தாங்கி இறக்கியது. வினாடிக்கு ஏழு மீட்டர் அளவு வேகத்தில், நெளிந்து அதிர்ச்சியை ஏற்கும் வளையத்தின்மேல் அவை அமர்ந்தன. கலத்தை இறங்குமுன் குளிரூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த லித்தியம் நைட்ரேட் உப்பு உருகி உருகி வெப்பத்தை வாங்கிக்கொண்டது.

அக்டோபர் 22-இல் வெனேரா 9 அனுப்பிய படமே வேறொரு கோளின் தரையில் எடுத்த முதல் படம். அர்னால்டு செலிவனோவின் குழு உருவாக்கிய கேமரா, கலத்தின் உள்ளே பாதுகாப்பாக இருந்து, குவார்ட்ஸ் சாளரம் வழியாக அசையும் கண்ணாடி ஒன்றின் துணையோடு காட்சியைக் கோடு கோடாக வருடியது. துணைக்கு விளக்குகள் கொண்டுபோயிருந்தார்கள், தேவைப்படவில்லை. படத்தில் கூரிய விளிம்புகளுடன் தட்டையான பாறைகள் கிடந்தன. வெப்பமும் அரிப்பும் தரையை மழுங்கடித்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது புதிராக இருந்தது.

கேமரா மூடிகள் இந்தத் திட்டத்தை விடாமல் துரத்தின. 9, 10 இரண்டிலும் ஒவ்வொரு மூடி கழலவில்லை. 1978-இல் வெனேரா 11, 12-இல் எதுவும் கழலாததால் படமே இல்லை. 1982 மார்ச்சில் 13, 14 இரண்டிலும் எல்லா மூடிகளும் கழன்றன. அவற்றுள் ஒன்று, மண்ணின் உறுதியை அளக்க வெனேரா 14 நீட்டிய கைக்கு நேர் கீழே விழுந்து கிடந்ததால், மண்ணுக்குப் பதில் மூடியின் உறுதியே அளக்கப்பட்டது. ஆயினும் அந்த இரு கலங்களின் துளைக்கருவிகள் தோண்டிய மண், வெள்ளியின் காற்றழுத்தத்தாலேயே கலத்தின் உள்ளறைக்குத் தள்ளப்பட்டு, எக்ஸ்ரே மூலம் ஆராயப்பட்டது. இரண்டு இடங்களிலும் கிடைத்தது எரிமலைப் பசால்ட். 32 நிமிடங்களுக்காகக் கட்டப்பட்ட வெனேரா 13, 127 நிமிடங்கள் உழைத்தது.

1985 ஜூனில் வேகா 1, 2 கலங்கள் ஹாலி வால்மீனுக்குப் போகும் வழியில் வெள்ளியில் இறங்குகலங்களையும் பலூன்களையும் விட்டுச் சென்றன. 54 கி.மீ. உயரத்தில் ஏறத்தாழ இரண்டு நாட்கள் மிதந்த பலூன்களைப் பல நாடுகளின் ஆண்டெனாக்கள் சேர்ந்து பின்தொடர்ந்தன. அதன்பின் சோவியத் திட்டம் செவ்வாயின் பக்கம் திரும்பியது. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போயிற்று. மெகல்லன், வீனஸ் எக்ஸ்பிரஸ், அகாட்சுகி எனச் சுற்றுக்கலங்கள் பின்னர் சென்றன. 2024 செப்டம்பரில் இந்திய ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த வெள்ளித் திட்டமும் சுற்றுக்கலமே. வேகா 2-க்குப் பின் எந்தக் கலமும் வெள்ளியின் தரையில் இறங்கவில்லை.

இதன் விளைவு இன்றைய ஆய்விலும் தெரிகிறது. 1978-இல் அமெரிக்கா அனுப்பிய பயனியர் வீனஸின் நான்கு ஆய்வுக்கலங்களிலும் வெப்பமானிகள் 12 கி.மீ. உயரத்தில் செயலிழந்தன. ஆகவே அதற்குக் கீழே தரைவரை நம்பகமான, தொடர்ச்சியான வெப்பநிலை அளவீடு ஒன்றே ஒன்றுதான்: 1985 ஜூன் 15-இல் வேகா 2 எடுத்தது. அதில் ஏழு கி.மீ.-க்குக் கீழே காற்று நிலையற்று இருப்பதுபோன்ற ஒரு விசித்திரம் தென்படுகிறது. அந்த ஆழத்தில் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சீராகக் கலந்திருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். கருவியின் பிழையாகவும் இருக்கலாம். இரண்டில் எது சரி என்று தீர்க்க இன்னொரு கலம் அந்த ஏழு கிலோமீட்டருக்குள் இறங்கி, வெப்பத்தையும் காற்றின் கலவையையும் ஒருசேர அளக்க வேண்டும். 2021-இல் நாசா தேர்ந்தெடுத்த டாவின்சி திட்டத்தின் இறங்குகோளம் அந்த அளவீட்டுக்காகவும் வடிவமைக்கப்பட்டு வருகிறது.