கண்டி மண்ணில் கிறிஸ்தவ ஈகை



கண்டி என்றதும் தலதா மாளிகையும் எசல பெரஹராவும் வாவிக்கரையுமே நம் மனக்கண்ணில் தோன்றும். கிறிஸ்தவம் இந்த மலைநகருக்கு 1815இல் ஆங்கிலேயரின் பட்டாளத்தோடு வந்து சேர்ந்த சமயம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். அந்தப் பட்டாளம் வருவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தி, படையுமின்றிப் பணமுமின்றி, வெறுங்காலோடு இந்நகருக்குள் கைதியாகக் கொண்டுவரப்பட்ட ஒரு குருவானவரிடமிருந்தே இன்றைய எனது பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். கிறிஸ்தவ ஈகை என்பது யாது, அது இந்த மண்ணில் எப்படி நடந்தது, எங்கே தடுமாறியது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அவர்தான் யோசப் வாஸ் அடிகளார். கோவாவில் பெனவ்லிம் என்னும் ஊரில் 1651இல் கொங்கணி பேசும் குடும்பமொன்றில் பிறந்தவர். 1677ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி சங்க்வால் ஆலயத்தில் தம்மைத் தாமே தேவமாதாவுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து அவர் எழுதிய அடிமைச் சாசனம் புகழ்பெற்றது. மனிதரை மனிதர் காசுக்கு விற்று வாங்கிய காலம் அது. அந்தக் காலத்திலே ஒருவர் விலையெதுவும் பெறாமல் தம்மையே எழுதிக் கொடுத்திருக்கிறார். பின்னர் கண்டியில் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இந்தச் சாசனம் உதவும்.

இலங்கையின் கரையோரங்களை அப்போது ஒல்லாந்தர் ஆண்டனர். கத்தோலிக்கக் குருமார் நுழைவதற்கு அவர்கள் தடை விதித்திருந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் குருவானவரைக் காணாதிருந்த மக்களைத் தேடி, யுவான் என்ற பணியாளரையும் கூட்டிக்கொண்டு 1687இல் வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டம் பீடித்தது. தொற்றிவிடும் என்று அஞ்சியவர்கள் ஒதுக்கிவிட, ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவரைக் காப்பாற்றினாள் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அந்தப் பெண்ணின் பெயர் ஏட்டில் இல்லை. ஈகையைப் பற்றிப் பேசும்போது கொடுத்தவர்களின் பெயர்களைத்தான் நாம் அடுக்குகிறோம். யோசப் வாஸ் அடிகளோ இந்நாட்டில் முதலில் வாங்கியவர், அதன் பின்னரே கொடுத்தவர். பிச்சைக்காரர் வேடத்தில் வீடுவீடாகச் சென்று, கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டு, அதைக் கண்டு கண் கலங்குபவர்கள் யாரென்று பார்த்தே அவர் தம் மந்தையைக் கண்டுபிடித்தார்.

புத்தளம் வழியாக 1692இல் அவர் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று அரசனிடம் கோள் சொல்லப்பட்டது. சொன்னவர் அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர். கிறிஸ்தவரைக் கிறிஸ்தவர் காட்டிக்கொடுக்க, பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். காவலில் இருந்தபடியே அடிகள் சிங்களம் கற்றார். நாளடைவில் கெடுபிடி தளர்ந்தது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. பால் வைத்துக் கட்டும் வித்தையை எட்வர்ட் ஜென்னர் கண்டறிவதற்கு அது நூறாண்டு முந்திய காலம். அம்மை என்றால் ஓடு என்பதே அன்றைய ஒரே மருந்து. அரசனும் பரிவாரமும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். இதை இரக்கமின்மை என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். தொற்றுநோய்க்கு முன்னே மனிதர் எவ்வளவு கோழைகளாகிறார்கள் என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாமும் நம் தெருக்களில் கண்டோமல்லவா?

அந்த வேளையில் நகரிலே தங்கியவர்கள் வாஸ் அடிகளும் அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளும். கைவிடப்பட்டவர்களைத் தேடிக் காட்டுக்குள் சென்றார்கள். ஒதுங்க இடம் செய்து கொடுத்தார்கள். சீழ் வடியும் உடல்களைக் கழுவினார்கள், கஞ்சி வார்த்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். கிறிஸ்தவரா, பௌத்தரா, சைவரா, முஸ்லிமா என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இதற்குக் கோவாவிலிருந்து பொற்காசுகள் வந்து குவியவில்லை. அவர்களிடம் கொடுக்க இருந்ததெல்லாம் இரண்டு சோடிக் கைகளும் நோய் தொற்றாது என்று நிச்சயமில்லாத உடல்களுமே. அரசன் திரும்பி வந்து நடந்ததை அறிந்தான். அதன் பிறகு அடிகளின் நடமாட்டத்துக்குத் தடை இருக்கவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்வது நேர்மையாகாது. அரக்கான் தேசத்துக்குத் தூதனுப்பிப் பிக்குமாரை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதா மரபை மீண்டும் தொடக்கி வைத்தவனும் இதே விமலதர்மசூரியன்தான். தன் சமயத்தில் ஊன்றி நின்ற அந்த மன்னன், கரையோரத்தில் வேட்டையாடப்பட்ட வேற்றுச் சமயத்தாருக்குத் தன் இராச்சியத்தில் இடம் கொடுத்தான். அதையும் ஈகைக் கணக்கிலே சேர்க்கத்தான் வேண்டும்.

யோசப் வாஸ் அடிகளுக்கு 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் வைத்து இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பிரான்சிஸ் பாப்பரசர் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இனி, காலத்தைச் சற்றுத் தாண்டி வருவோம்.

கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிப் பத்தாண்டுக்குள், 1824 அளவில், கம்பளைக்கருகே சின்னப்பிட்டியாவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். தேசாதிபதி எட்வர்ட் பாண்சும் கன்னொறுவையில் தோட்டம் போட்டார். காடுகள் அழிந்தன. தமிழகத்திலிருந்து நம்மவர்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேலான காட்டுவழியை நடந்தே கடந்து, 'கண்டிச் சீமை'க்கு வந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் விழுந்து மடிந்தவர்கள் அநேகர்.

இந்தக் கோப்பிக் காலத்தில், 1854இல், கண்டியை மையமாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற அமைப்பு தோன்றிற்று. (அந்தப் பெயர் நம் காதில் இன்று முள்ளாய்க் குத்துகிறது. பிற்காலத்தில் அதை மாற்றியும் கொண்டார்கள்.) சேர்ச் மிஷனரிச் சங்கம் மிஷனரியை அனுப்பியது. திருநெல்வேலியில் பணியாற்றித் தமிழறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் பொறுப்பேற்றார். உபதேசிமார் திருநெல்வேலிக் கிறிஸ்தவ ஊர்களிலிருந்து வந்தனர். அவர்களுக்குரிய சம்பளத்தைத் தோட்டத் துரைமார் சந்தா கட்டிக் கொடுத்தார்கள். துரைமாரில் அங்கிலிக்கன் சபையாரும் இருந்தனர், ஸ்கொத்லாந்து சபையாரும் இருந்தனர், வேறு சபையாரும் இருந்தனர்.

சந்தா கொடுத்தவன் அதிகாரம் கேட்பது உலக வழக்கம். 1876இல் முப்பது வயதே நிரம்பிய றெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் கொழும்பு அத்தியட்சராக வந்ததும், பல சபைத் துரைமாரின் பணத்தில் நடக்கும் ஊழியம் யாருடைய ஆணைக்கு உட்பட்டது என்ற வழக்கு எழுந்தது. மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களையே அத்தியட்சர் பறித்துவிட்டார். இங்கிலாந்து வரை சென்ற அந்தப் பிணக்குத் தீரச் சில ஆண்டுகள் பிடித்தன. லயத்து மனிதனுக்கு இதிலே ஒரு பேச்சும் இருக்கவில்லை. அவனுக்காகக் கொடுக்கப்பட்ட காசு, அவனைக் கேளாமலே சண்டைக்குக் காரணமாயிற்று.

துரைமாரின் கொடையை நான் இழித்துரைக்க வரவில்லை. அதனால் எழுத்தறிந்தவர்கள் உண்டு, ஆலயமும் பள்ளியும் கண்ட தோட்டங்கள் உண்டு. ஆனால் அதே காலத்தில் தொழிலாளிக்குரிய சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி நின்றது என்பதும் வரலாறுதான். நோயாளித் தொழிலாளருக்கு மருந்தும் வைத்தியமும் கிடைக்க 1872இல் அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. உபதேசியார் சம்பளத்துக்கு மனமுவந்து வந்த காசு, வைத்தியத்துக்குச் சட்டம் போட்ட பின்னரே வந்தது. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இல்லாதவனுக்கு ஈவதுதான் ஈகை, மற்றதெல்லாம் திரும்ப வாங்க அளந்து கொடுப்பது போன்றது என்று பிரித்துவிட்டார். உரிய கூலியை வைத்துக்கொண்டு தருமம் செய்வதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன். வேதாகமத்தின் யாக்கோபு நிருபம் இதைப் பற்றிச் சொல்வது துரைமாரின் ஞாயிறு வாசிப்பில் வந்திருக்கவும் கூடும்.

கோப்பி 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்து, தேயிலை வந்த கதையை நேயர்கள் அறிவீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

நகருக்குள் 1872இல் சேர்ச் மிஷனரிச் சங்கம் தொடங்கிய திரித்துவக் கல்லூரி உண்டு. 1904 முதல் 1924 வரை அதிபராக இருந்த ஏ. ஜீ. பிரேசர், வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளை நகரின் ஏழைக் குடியிருப்புகள் பக்கம் திருப்பிச் சமூக சேவையைப் பள்ளி வாழ்வின் பகுதியாக்கினார். அங்கே கண்டிய மண்டபப் பாணியில், கற்றூண்களோடு எழுந்து 1935இல் அபிஷேகம் பெற்ற ஆலயச் சுவரில், டேவிட் பெயின்டர் தீட்டிய நல்ல சமாரியன் ஓவியம் இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். எரிகோ சாலையில் அல்ல, நம்மூர் மனிதர் நடுவே அந்தக் கதை நடப்பதாகத் தோன்றும்.

கொடுப்பதைப் பற்றிய எண்ணம் இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மாறியிருக்கிறது. 1972இல் கண்டியில் இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகள் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அங்கே ஒன்றாக இயங்கினர். தோட்டங்கள் அரசுடைமையான அந்த ஆண்டுகளில் லயங்களிலே பட்டினி தலைவிரித்தாடியது. தேங்காய் துருவலையும் கோதுமை மாவையும் தேடி மக்கள் அலைந்தனர், பலர் செத்தனர். பிச்சையிடுவதோடு நிற்காமல், இந்த மக்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள், இவர்களுக்கு ஏன் குடியுரிமை இல்லை என்று ஆராய்ந்து, எழுதி, கேட்டது சத்தியோதய. கூலி மிஷன் காலத்தில் எவரும் உரக்கக் கேளாத கேள்வி அது.

இத்தனையும் சொன்ன பின்னர் பிடி அரிசியைச் சொல்லாவிட்டால் என் தாயாரே என்னை மன்னிக்கமாட்டார். உலை வைக்குமுன் அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் அவர் களைவார். வீட்டில் அரிசி குறைவாயிருக்கும் நாளில் அந்தப் பிடி சற்றுச் சிறிதாகும், ஆனால் இல்லாமற் போகாது. ஞாயிறன்று அது கோவிலுக்குப் போகும். திருநெல்வேலியிலிருந்து தோட்டங்களுக்கு வந்த கிறிஸ்தவப் பெண்கள் தங்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த வழக்கம் இது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா 1902இல் யாழ்ப்பாணம் வந்தார். இங்குள்ள மாணவர் தம் சொந்தக் காசில் இந்தியாவில் ஊழியம் நடத்துவதைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். வெளிநாட்டுப் பணத்தில் அல்ல, நம்மவர் காணிக்கையில் திருச்சபை நிற்கவேண்டும் என்பது அவரது கொள்கை. பின்னர் தோர்ணக்கல் அத்தியட்சராகி, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய ஏழைச் சபைகளிலும் பெண்களின் கைப்பிடி அரிசிக்கு இடமிருந்தது. ஏழைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்று சொல்வதே அவனை அவமதிப்பதாகும் என்று நான் எண்ணுவது இதனால்தான். கொடுக்கத் தெரிந்தவன் யாருக்கும் அடிமையாக நிற்கமாட்டான்.

எங்கள் பக்கத்துக் கோவில்களில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பூசணிக்காயை இரண்டு கடைக்காரர் முறைத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். கைதட்டல் வேறு! இடது கைக்கும் வலது கைக்கும் பற்றிய போதனை அன்று சற்று ஓய்வெடுக்கும்.

2022இல், எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நாடு வரிசையில் நின்ற ஆண்டில், அரிசி விலையைக் கேட்கவே அச்சமாயிருந்தது. கண்டியை அடுத்த தோட்டமொன்றின் சிறிய ஆலயத்துக்கு அவ்வாண்டுப் பண்டிகைக்குச் சென்றிருந்தேன். பிடி அரிசி வராது என்றுதான் எண்ணினேன். சிறு சிறு பைகளாக வந்தது. வெள்ளை, சிவப்பு, சம்பா, நாட்டரிசி எல்லாம் ஒரே பாயில் கலந்து கொட்டப்பட்டன. ஏலம் விடுபவர் எழுந்தபோது, முன்வரிசையிலிருந்த கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், "இத ஏலம் போட வேணாம் ஐயரே, லயத்துல ஆறு வீட்டுல அடுப்பு எரியல" என்றார். பாதிரியார் தலையசைத்தார். அரிசியை அளக்கச் சுண்டு எடுத்து வந்தார்கள். அந்த ஆறு வீடுகளில் மூன்று சைவ வீடுகள், ஒன்று முஸ்லிம் வீடு. பைகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். அதன் பிறகு பூசணிக்காய் ஏலம் தொடங்கியது.